பதினொரு நிமிடக் காலைச் சாப்பாடு

அந்த பஸ் டிப்போவில் எண்பத்தாறு டிரைவர்கள். யார் எந்த நாள் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று எழுதுகிறவள் ஒருத்திதான். மாதத்துக்கு ஒரு பெரிய தாள், கட்டம் கட்டமாக. முதலில் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுவாள். எனக்கு இது ஏன், அவனுக்கு அது ஏன் என்ற பஞ்சாயத்தெல்லாம் அடங்கிய பிறகு, இருபத்தெட்டாம் தேதி அதன்மேல் மை ஓட்டி, பலகையில் ஒட்டிவிடுவாள். அடையாள அட்டை தொங்கும் கழுத்து நாடாவிலேயே ஒரு அழி ரப்பரையும் நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்ததால், டிப்போ முழுக்க அவளுக்கு ரப்பர் அக்கா என்றுதான் பெயர். நடுவில் ஒரு தடவை இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஒரே டிரைவரை ஒரே நேரத்தில் இரண்டு பஸ்ஸில் ஏற்றியது. மூன்றாம் நாளே மேனேஜர் வந்து, பென்சில் எங்கே இருக்கிறது என்று நல்லபிள்ளையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஒரே ஆளை ஒரே ரூட்டில் ஒரு வாரத்துக்கு மேல் விடமாட்டாள். கண் பழகிப்போனால் கவனம் தூங்கிவிடும் என்பாள். இரண்டு பேர் தங்களுக்குள் டூட்டியை மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் மாற்றுச் சீட்டில் அவள் கையெழுத்து இருந்தாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் விருப்பச் சீட்டு கொடுப்பாள். காலை வண்டியா மாலை வண்டியா, எந்த ரூட் பிடிக்கும், எது பிடிக்காது, என்ன காரணம் என்று எழுதித் தர வேண்டும். எண்பத்தாறு பேருடைய முதுகுவலியும் மூட்டுவலியும் அவளுக்கு அத்துப்படி.

அந்த எண்பத்தாறில் ஒருவர் அவள் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷமாகக் காலை வண்டி. வாயைத் திறக்காத மனுஷன். நடுரோட்டில் மாடு படுத்திருந்தால்கூட ஹாரன் அடிக்காமல், அதுவாக எழுந்து போகட்டும் என்று காத்திருப்பார். ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் முகத்தில் ஒரு களை வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று ஒரு தடவை தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அவரிடம் சொன்னதில்லை.

அந்த வருஷ மருத்துவப் பரிசோதனையில்தான் வந்தது வினை. ரத்தத்தில் சர்க்கரை, வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி நின்றது. டிப்போ டாக்டர் நல்ல மனிதர், ஆனால் சட்டத்தை மாற்ற அவரால் முடியாது. மூன்று மாதம் தவணை கொடுத்தார். மாதம் ஒரு தடவை பார்ப்பேன், மூன்றாம் மாதமும் கோட்டுக்கு மேலே இருந்தால் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி உதிரிபாகக் கிடங்குக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் நடக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே, காலைச் சாப்பாட்டைச் சரி செய்யச் சொன்னார். அதுவரைக்கும் அவருடைய காலைச் சாப்பாடு என்பது கிரீம் வைத்த பன் இரண்டு, சர்க்கரை தூக்கலாக டீ ஒன்று.

கிடங்கு அவளுக்குத் தெரிந்த இடம்தான். ஜன்னல் இல்லாத அந்த அறையில், நட்டும் போல்ட்டுமாக எண்ணிக்கொண்டு இந்த மனுஷன் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது. டிரைவர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால், எடுக்க வேண்டியவள் அவள்தான். கழுத்தில் தொங்குகிற அதே ரப்பரால்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். காலை நாலு மணிக்கு எழுந்து ஓட்ஸ் கஞ்சி. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, உப்பு ஒரு சிட்டிகை. டப்பாவில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஸ்பூனைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். எந்த ரூட்டில் போனாலும் காலை வண்டிகளெல்லாம் எட்டு மணிக்குக் கடைசி ஸ்டாண்டில் போய்த்தான் திரும்பும். அங்கே பதினொரு நிமிடம் ஓய்வு. அதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அவரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார், மத்தியானம் டப்பாவைக் காலியாகக் கொண்டுவருவார். முப்பத்திரண்டு நாள் இப்படி ஓடியது. அவளுக்கு ஒரே பெருமை.

முதல் மாதச் சோதனையில் சர்க்கரை இரண்டு புள்ளி ஏறியிருந்தது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சக்கரத்தில் காற்று அடிக்க அடிக்க இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இந்தப் புதிரை அவிழ்த்தவர், அவர் வண்டியில் கண்டக்டராக வரும் நெட்டையர்தான். யாரோ ஒரு டிரைவருக்காக மாற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்க அவள் மேஜைக்கு வந்தவர், போகிற போக்கில் நின்றார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் அதேன்னா எனக்கே நாக்கு செத்துப் போச்சு. கொஞ்சம் மாத்திச் செய்ங்களேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. கையெழுத்துகூட வாங்காமல் கம்பி நீட்டிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்காரரை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்கு அவளுக்குக் கோபம். இந்த ஒரு மாதமாக அவள் நாலு மணிக்கு எழுந்து கிண்டியதெல்லாம் நெட்டையருக்கு. இவர் அந்தப் பதினொரு நிமிடத்தில் டீக்கடைப் பன்னை வெளுத்து வாங்கியிருக்கிறார். கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு டிரைவர் வந்து முன்னால் நின்றார். ஆறு நாளாக அதே ஆஸ்பத்திரி ரூட், அதே பதினேழு சிக்னல், மனுஷனை இப்படிப் போட்டு அரைக்கலாமா என்று முறையிட்டார். நியாயம்தானே, ஏழாம் நாள் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி ரப்பரைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஆறு நாளைக்கே ஒருத்தர் வந்து அழுகிறார். அங்கே ஒருத்தருக்கு முப்பத்திரண்டு நாள் ஒரே கஞ்சி. அடுக்கி வைத்திருந்த திட்டில் பாதி அங்கேயே கரைந்துபோனது. மீதிப் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவர் அசடு வழியக் கேட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அவள் செய்ததுதான் வேடிக்கை. பழைய டூட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கோடு கிழித்து, காலைச் சாப்பாட்டுக்கு ஒரு அட்டவணை எழுதினாள். ஒரே தானியம் அடுத்தடுத்த நாள் வரக்கூடாது. முட்டையோ பயறோ ஏதாவது ஒன்று தினமும் டூட்டியில் இருக்க வேண்டும். கீரைக்கும் காய்க்கும் லீவு கிடையாது. பழம் எக்ஸ்ட்ரா வண்டி மாதிரி, கூட்டத்தைப் பார்த்து விடலாம். திங்கள் முட்டையும் கீரையும், செவ்வாய் முளைகட்டிய பயறும் வெள்ளரியும், புதன் தயிரோடு பப்பாளி, வியாழன் முட்டையும் காளானும், வெள்ளி கொண்டைக்கடலை என்று வாரம் முழுவதும் நிரப்பினாள். நிரப்பியதை அழுத்தம் திருத்தமாக மையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வீட்டுக்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு, டிப்போப் பலகையைப் பார்ப்பதுபோலவே மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். நல்லா இருக்கு என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பேச்சு.

டப்பா தினமும் துடைத்துவைத்ததுபோல் வந்தது. இந்த முறை நெட்டையரையும் கூப்பிட்டு விசாரித்தாள். சத்தியமாக என் வாயில் ஒரு பருக்கை படவில்லை அக்கா என்று அவர் தலையில் அடிக்காத குறையாகச் சொன்னார். அது உண்மைதான். ஆனால் இரண்டாம் மாதச் சோதனையில் புள்ளி லேசாக இறங்கியிருந்ததே தவிர, கோட்டுக்கு மேலேதான் நின்றது. அன்று மத்தியானம் டப்பாவைக் கழுவ எடுத்தபோது, மூடியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பிசுக்கு. மோந்து பார்த்தாள். ஜாம். இரண்டு மாதமாக அந்த வீட்டுக்குள் ஜாமே நுழையவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மேனேஜரிடம் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, வேறொரு ரூட் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்குக் கடைசி ஸ்டாண்டில் போய் இறங்கினாள்.

கூரைக்குக் கீழே நீளமான சிமெண்டு பெஞ்சு. ஐந்து டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து டப்பாவும் திறந்திருந்தன. நடுவில், மடித்து மடித்துக் கசங்கிய ஒரு தாள். எட்டிப் பார்த்தாள். அவள் ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணையேதான், வீட்டுக்காரர் கையெழுத்தில், ஒரு வரி விடாமல். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே யாருடையதோ பெயர். வியாழக்கிழமை காளான் முட்டைக்கு இரண்டு பேர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். அன்றைய முளைப்பயறை மீசைக்காரர் ஒருவர் கண்ணை மூடி ரசித்து மென்றுகொண்டிருந்தார். மீசைக்காரருடைய ஜாம் தடவிய ரொட்டி அவள் வீட்டுக்காரர் கையில் இருந்தது, பாதி கடித்தபடி.

ஒரு வாரத்து அட்டவணையை முன்னாலேயே ஒட்டினால் டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்பது உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பலகையில் பசை காய்வதற்குள் மாற்றிக்கொள்ள ஆள் பிடித்துவிடுவார்கள். இருபது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வீட்டில் போய் அதே காரியத்தைச் செய்து ஒட்டிவைத்திருக்கிறாள். தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மற்ற நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்போல எழுந்து நின்றார்கள். மாற்றுச் சீட்டில் என் கையெழுத்து எங்கே என்று கேட்டாள். மீசைக்காரர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், வாய்க்குள் இருந்த பயறை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்று வந்தவளுக்கு, உட்கார்ந்ததும் குரல் இறங்கிப்போய்விட்டது. கழுத்திலிருந்த ரப்பரை எடுத்து அவர் முன்னால் காட்டினாள்.

"இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. உங்க பேரை என் கையால அழிக்க வெச்சுடாதீங்க. என்னால முடியாது."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். பதினொரு நிமிடத்தில் ஒன்பது போய்விட்டது. நெட்டையர் தூரத்திலிருந்து விசிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதலாமா வேண்டாமா என்று தவித்தார். வீட்டுக்காரர் எழுந்து போய் வண்டியில் ஏறி, இன்ஜினைப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பல்லு," என்றார். "கடவாப்பல்லு. ஓட்டை. பயறு உள்ள போய் மாட்டிக்குது. உயிர் போகுது."

அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது. அவள் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். மீசைக்காரர் மீதிப் பயறை வீணாக்க மனமில்லாமல் திரும்பி நின்று சாப்பிட்டு முடித்தார்.

ஆபீசுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே எண்ணம். எண்பத்தாறு பேருக்கும் விருப்பச் சீட்டு கொடுக்கிறாள். இன்னாருக்கு இடுப்பு வலி, மேட்டு ரூட் வேண்டாம். இன்னாருக்கு வெயில் கண்ணில் அடித்தால் தலைவலி, கிழக்கே போகிற வண்டி வேண்டாம். எல்லோரையும் கேட்டவள், தன் பக்கத்தில் படுத்திருக்கிறவரிடம் காலையில் என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டாளா? பல்லில் ஓட்டை இருப்பதுகூடத் தெரியாமல் இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். பல் டாக்டர் என்றால் அவருக்கு நடுக்கம் என்று தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேட்டிருக்கலாமே.

சாயங்காலம் ஒரு விருப்பச் சீட்டை அவர் முன்னால் வைத்து, பென்சிலையும் கொடுத்து, அடுக்களைக்குள் போய்விட்டாள். பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல ஒரு மணி நேரம் எழுதினார். வாயால் சொல்லாததையெல்லாம் மனுஷன் அந்தச் சீட்டில் கொட்டியிருந்தார். ஸ்பூன் வேண்டாம், கையில் பிடித்துச் சாப்பிடுகிறபடி இருக்கட்டும், பதினொரு நிமிடத்தில் ஸ்பூனைப் பிரித்துக் கழுவவே மூன்று போய்விடுகிறது. ஆறிப்போன கஞ்சியைப் பார்த்தால் பசியே ஓடிவிடுகிறது, சூடாக இருந்தால் நல்லது. கடித்தால் கொஞ்சம் சத்தம் கேட்கட்டும். பயறு மட்டும் மன்னிக்கவும், பல்; மற்றதை வலது பக்கமாக மென்றுகொள்கிறேன். கடைசி வரியை இரண்டு தடவை எழுதி அழித்திருந்தார். 'எந்தத் திருப்பத்தில் எந்தப் பள்ளம் என்று எல்லாம் எனக்குத் தெரியும். டப்பாவில் என்ன இருக்கிறது என்றாவது திறக்கிறவரை தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும்.'

அவள் போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கிழித்தாள்.

அந்தக் கடைசி மாதம் அவளுக்கு ஒரு ஆட்டம்போல ஆகிவிட்டது. அட்டவணை இருந்தது, ஆனால் ஆபீஸ் மேஜையின் பூட்டிய இழுப்பறைக்குள். டப்பாவுக்குப் பதிலாக, சூடு தாங்கும் அகல வாய் ஃபிளாஸ்க் ஒன்று வந்தது. முட்டையைக் கீரையோடு மெல்லிசாகச் சுட்டு முழுக்கோதுமை ரொட்டிக்குள் சுருட்டினாள். வேகவைத்த கொண்டைக்கடலையை மசித்து மிளகு போட்டு, மேலே வெங்காயத்தையும் கேரட்டையும் துருவித் தூவினாள். ஒரு நாள் சோளக்கதிரைச் சுட்டு இரண்டாக வெட்டி வைத்தாள். ஒரு நாள் ஓட்ஸையே மாவாக்கி, பூசணிக்காயும் முட்டையும் சேர்த்து, மொறுமொறுவென்று வில்லை வில்லையாகத் தட்டினாள். கஞ்சியாக இருந்த அதே ஓட்ஸ்தானா இது என்று நெட்டையரே வாயைப் பிளந்தாராம். கொட்டையும் ஆப்பிள் துண்டும் தினமும் ஒரு கை.

எல்லாமே ஜெயித்துவிட்டது என்று சொன்னால் பொய். பீட்ரூட் வைத்த ரொட்டி அவர் காலை வாரிவிட்டது. கடித்த வேகத்தில் சாறு சட்டைக் காலரில் ஓடி, அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பாட்டியம்மா, ரத்தம் ரத்தம் என்று கூவி வண்டியையே நிறுத்திவிட்டார். அதோடு பீட்ரூட் சஸ்பெண்டு. அவருடைய வார விடுமுறை நாளில் அவரே சமைப்பது என்று ஒரு ஏற்பாடு வந்தது. முதல் வாரம் காளானைக் கரியாக்கி வைத்தார். நன்றாக மென்று, நல்லா இருக்கு என்று அவளும் சொன்னாள். அவர் சொல்வதுபோலவே சொன்னாள்.

ஸ்டாண்டு பெஞ்சில் வியாபாரம் படுத்துவிட்டது. என்ன இருக்கிறது என்று தெரியாத டப்பாவுக்கு யார் முன்கூட்டிச் சொல்லிவைப்பார்கள்? அதற்குப் பதில் ஊகப் போட்டி ஆரம்பமானது. மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னவருக்கு இரண்டு வேர்க்கடலை பரிசு. மீசைக்காரர் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற ஆத்திரத்தில் வீட்டில் போய் ரகளை பண்ணி, அவரும் ஜாம் ரொட்டியை விட்டுவிட்டு ஏதேதோ செய்து கொண்டுவர ஆரம்பித்தாராம். இதையெல்லாம் வீட்டுக்காரர் சாயங்கால நடையில் அவளிடம் சொல்லிக்கொண்டே வருவார். அவர் இவ்வளவு பேசுவார் என்பது அவளுக்கே புதுசு.

கடைசிச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தது இருபத்தைந்தாம் தேதி. முடிவு எப்போது வரும் என்று தெரியவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலை, அடுத்த மாதத் தாளை மேஜையில் விரித்து மை ஓட்ட உட்கார்ந்தாள். எண்பத்தைந்து பேரை முடித்துவிட்டாள். கடைசியாக ஒரு வரி மட்டும் பென்சிலில், தொட்டால் கலைந்துவிடும்போல மெல்லிசாக இருந்தது. பேனாவை அதன் மேல் கொண்டுபோனாள், கை நகரவில்லை. பயமாக இருந்தது. ரப்பரைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மேனேஜர் வந்து, தாள் ஆகிவிட்டதா என்று கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும், அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஐந்தாறு பேர் வரிசை. யாருக்கு லீவு, யாருக்கு மாற்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தபோது, எதிரே வீட்டுக்காரர். உள்ளே நேராக வந்திருக்கலாம். வரவில்லை, தன் முறை வரும்வரை வரிசையில் நின்றிருக்கிறார். மடித்த காகிதம் ஒன்றை ஜன்னல் வழியே தள்ளினார். டாக்டரின் சான்று. அவளுக்கு எழுத்தெல்லாம் அலைந்தது. எண்ணை மட்டும் தேடிப் பிடித்தாள். கோட்டுக்குக் கீழே. நாலு புள்ளி கீழே. வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று டாக்டர் எழுதி, கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

பேனாவை எடுத்தாள். வரிசையில் நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்று, முப்பது கட்டத்தையும் ஒன்று விடாமல் நிரப்பினாள். மை காய்வதற்கு ஊதினாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினார். விருப்பச் சீட்டு. பென்சிலில் ஒரே ஒரு வரி. 'செவ்வாய்க்கிழமை: முளைப்பயறு. பல்லை அடைத்தாயிற்று.'

அவள் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள், இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. யாரோடு போனீர்கள் என்று கேட்டாள். தனியாகத்தான் என்றார். அந்த நாற்காலியைப் பார்த்தாலே பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிற மனுஷன், தனியாகப் போய் உட்கார்ந்து, வாயைத் திறந்திருக்கிறார். வரிசையில் பின்னால் நின்றிருந்த மீசைக்காரர், என்ன அக்கா, ஏதாவது சிக்கலா என்று கேட்டார்.

இழுப்பறையைத் திறந்து ரப்பரை எடுத்தாள். சீட்டை மேஜையில் வைத்து, 'செவ்வாய்க்கிழமை' என்ற சொல்லை மட்டும் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழித்தாள். மீதி இருந்ததன் மேல் அனுமதி முத்திரையைக் குத்தி, ஜன்னல் வழியே திருப்பிக் கொடுத்தாள்.

"கிடைக்கும்," என்றாள். "என்னைக்குன்னு சொல்லமாட்டேன்."